ஏபெல் டாஸ்மன் கடற்கரை: நடையா, கயாக்கா, மணலில் ஒரு கூடாரமா?

நியூசிலாந்தின் ஏபெல் டாஸ்மன் தேசியப் பூங்காவுக்குப் போவது என்று முடிவான பிறகு எல்லோரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். கரைப் பாதையில் நடப்பதா, கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகை எடுப்பதா, படகில் போய் ஒரே கடற்கரையில் இறங்கி அங்கேயே இருந்துவிடுவதா? மூன்றும் அருமை என்று எல்லா விளம்பரங்களும் சொல்லும். ஆனால் இந்தக் கரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. தெற்கு நுழைவூரான மராஹாவில் தொடங்கி ஒனெடாஹுட்டி கடற்கரை வரையிலான தென்பகுதி துடுப்புக்கு ஏற்றது. அவரோவாவுக்கு வடக்கே காலால் நடப்பதுதான் சரி. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால் முடிவு பாதி எளிதாகிவிடும். மீதிப் பாதியைக் கடலின் ஏற்றவற்றமும் பிற்பகல் காற்றும் தீர்மானிக்கும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். நியூசிலாந்தின் தெற்குத் தீவில், வட முனையில், டாஸ்மன் விரிகுடாவுக்கும் கோல்டன் பேவுக்கும் இடையில் இருக்கிறது இந்தத் தேசியப் பூங்கா. பரப்பு சுமார் 237 சதுர கிலோமீட்டர்; அந்நாட்டின் தேசியப் பூங்காக்களிலேயே மிகச் சிறியது. டச்சு மாலுமி ஏபெல் டாஸ்மன் 1642-இல் இந்தப் பக்கம் வந்ததன் 300-ஆம் ஆண்டில், 1942-இல் அமைக்கப்பட்டது. பாறை கிரானைட். அது சிதைந்து உதிர்ந்த மணலில் இரும்புக் கறை படிந்திருப்பதால்தான் கடற்கரைகளுக்கு அந்தப் பொன் நிறம். அதே கிரானைட் சத்தில்லாத மண்ணைத் தருகிறது. ஒரு காலத்தில் எரித்து அழித்த காடு இன்னும் முழுதாக மீளாமல், பல சரிவுகளில் மானுகா, கானுகா என்னும் குறுமரங்களாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். நெல்சன் விமான நிலையத்திலிருந்து மொட்டுவேகா வழியாக மராஹாவுக்குச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். சாமான் வாங்குவதை மொட்டுவேகாவிலேயே முடித்துவிடுங்கள். மராஹாவில் பெரிய கடை கிடையாது.

முதலில் கடல் எப்போது வற்றுகிறது என்று பாருங்கள்

இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் 4 மீட்டரைத் தொடும். தமிழ்நாட்டுக் கரையில் பழகியவர்களுக்கு இந்த அளவு கற்பனையில் எளிதில் வராது. காலையில் நீந்திய கழி மதியம் வெறும் மணல்வெளியாகக் கிடக்கும். அதன் குறுக்கே நடக்கலாம். இரண்டு மணி நேரம் தாமதித்தால் நடக்க முடியாது.

இதில் கண்டிப்பான இடம் ஒன்றே ஒன்று: அவரோவா கழிமுகம். கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பிலிருந்து இரண்டு மணி நேரம் பின்பு வரைதான் அதைக் கடக்கலாம். சுற்றிப் போக மாற்றுப் பாதை கிடையாது. காலை 9 மணிக்கு வற்றுகிறது என்றால், 7.30-க்கும் 11-க்கும் இடையில் நீங்கள் அக்கரை சேர்ந்திருக்க வேண்டும். மறுநாள் அதே வற்றம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி வரும். நாளொன்றுக்கு வற்றம் இரண்டு. இடைவெளி பன்னிரண்டரை மணி நேரத்தை ஒட்டியது.

இந்தக் கணக்குத்தான் எந்த இரவு எங்கே தங்குவது என்பதைத் தீர்மானிக்கிறது. காலை 7-இலிருந்து 10-க்குள் வற்றும் வாரமாக இருந்தால் அவரோவா குடிலில் தங்கி, எழுந்ததும் கடந்துவிடலாம். நாள் முழுக்க நடக்க மிச்சமிருக்கும். மதியம் 1, 2 மணிக்கு வற்றும் வாரமென்றால் அவரோவாவில் தங்கத் தேவையில்லை. தெற்கே இருக்கும் பார்க் பேயிலிருந்து காலையில் கிளம்பி, கழியைக் கடந்து, அதே நாளில் வடக்கே டோட்டரானுயி வரை போய்விடலாம். சிக்கல் மாலை 5, 6 மணிக்கு வற்றும் நாட்களில்தான். அப்போது இன்னொரு வற்றம் விடியலில் வரும். நான்கரைக்கு எழுந்து தலைவிளக்கு வெளிச்சத்தில் கடக்கத் தயாராக இல்லையென்றால் வேறு தேதி பாருங்கள்.

கடக்கும்போது காலணியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலில் இறங்குகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். கழியின் தரையில் சிப்பி ஓடுகள் கத்திபோல நிற்கின்றன. பாதம் கிழிந்தால் மிச்ச நாள் நடை போச்சு. பின்பட்டை உள்ள செருப்பு ஒரு ஜோடி தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். வற்றிய பிறகும் ஓடைக்காலில் முழங்கால் வரையோ அதற்கு மேலோ தண்ணீர் ஓடும். மழைக்குப் பிறகு இன்னும் கூடும். பையின் இடுப்புப் பட்டையைத் தளர்த்திவிட்டு இறங்குவது நல்லது, கால் இடறினால் பையைக் கழற்ற முடியவேண்டும்.

நடந்து போவதென்றால்

கரைப் பாதையின் முழு நீளம் 60 கிலோமீட்டர். மூன்று முதல் ஐந்து நாள். தெற்கிலிருந்து வடக்காக: மராஹாவிலிருந்து ஆங்கரேஜ் 12.4 கி.மீ., அங்கிருந்து பார்க் பே 11.5, அவரோவா 13.5, ஃபாரிஃபரங்கி 16.9, கடைசியாக வைனுயி 5.7. வைனுயி தவிர மற்ற நாலு இடங்களிலும் குடில்கள் உண்டு. வழியெங்கும் கூடாரத் திடல்களும் உண்டு. பாதை அகலமானது, சரிவு மிதமானது. மலையேற்றப் பழக்கம் இல்லாதவர்களும் போகலாம். ஏற்றங்கள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வளைகுடாவுக்கும் இறங்கி, அடுத்ததற்கு ஏற வேண்டியிருக்கும்.

குடில் என்றதும் சமையலறையை எதிர்பார்க்க வேண்டாம். நியூசிலாந்தின் மற்ற சில புகழ்பெற்ற பாதைகளில் குடிலில் கேஸ் அடுப்பு இருக்கும், இங்கே இல்லை. அடுப்பு, எரிவாயு, பாத்திரம் எல்லாம் உங்களுடையது. விமானத்தில் எரிவாயு சிலிண்டர் கொண்டுவர முடியாது. நெல்சனிலோ மொட்டுவேகாவிலோ வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாக் குழாய்த் தண்ணீரும் சுத்திகரித்ததல்ல. சுத்திகரித்தது என்று எழுதிவைத்திராத இடங்களில் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். குப்பைத்தொட்டி கிடையாது, கொண்டுபோனதன் உறை உங்களோடேயே திரும்ப வரும்.

ஆங்கரேஜுக்கும் பார்க் பேக்கும் நடுவே டோரண்ட் பே கழி வருகிறது. வற்றத்துக்கு முன்னும் பின்னும் சுமார் இரண்டு மணி நேரம் குறுக்கே நடக்கலாம்; அப்படிப் போனால் 11.5 கிலோமீட்டர் 8.4 ஆகிறது. ஆனால் குறுக்கு வழி கிடைக்கிறதென்றாலும் ஏற்றக்காலப் பாதையில் சுற்றிப் போவதைத்தான் நாங்கள் சொல்வோம். கிளியோபாட்ரா குளத்துக்குப் பிரியும் கிளைப்பாதை அதில்தான் இருக்கிறது. பாசி படிந்து வழவழப்பான பாறைச் சரிவு ஒன்று அங்கே தண்ணீரோடு குளத்துக்குள் இறங்குகிறது. உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டு போய் விழலாம். தண்ணீர் மலையிலிருந்து வருவது, கடலைவிட நன்றாகக் குளிரும். முதலில் குளத்தின் ஆழத்தைப் பார்த்துவிட்டுச் சறுக்குங்கள்.

நடையின் உண்மையான லாபம் அவரோவாவைத் தாண்டிய பிறகு தெரியும். அவரோவாவிலிருந்து டோட்டரானுயி 7.1 கி.மீ.; அங்கிருந்து ஃபாரிஃபரங்கி 9.8. பயணிகளைக் கடற்கரைகளில் இறக்கிவிடும் வாட்டர் டாக்சிப் படகுகள் டோட்டரானுயியோடு நின்றுவிடுகின்றன. அதற்கப்பால் நாள் பயணிகள் வருவது குறைவு. அனாபாய் பே, முட்டன் கோவ் என்று அடுத்தடுத்த கடற்கரைகளில் கோடை நடுவிலும் கூட்டமில்லாமல் இருக்கும். ஃபாரிஃபரங்கியில் இருப்பது புதிதாகக் கட்டிய குடில் அல்ல. 1890-களின் பண்ணை வீடு ஒன்றைச் சீர்செய்து வைத்திருக்கிறார்கள், இரண்டு மாடி. இருபது பேர் தங்கலாம்.

இதில் ஒரு இடைஞ்சல். வைனுயியில் முடித்தால் மராஹாவுக்குத் திரும்பும் சாலை டாகாகா மலையின் மேலேறிச் சுற்றி வருகிறது; வண்டி ஏற்பாடு முன்கூட்டியே வேண்டும். அதைத் தவிர்க்க வழி இருக்கிறது: ஃபாரிஃபரங்கியில் இரவு தங்கி, மறுநாள் கிப்ஸ் குன்று வழியாக ஏறி டோட்டரானுயிக்கே திரும்பி, அங்கிருந்து படகு பிடிப்பது. குன்று சுமார் 400 மீட்டர் உயரம், இந்தப் பூங்காவின் கரைப் பகுதியில் மூச்சு வாங்க வைக்கும் ஒரே ஏற்றம் அதுதான். உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கடல் தெரியும். படகு எத்தனை மணிக்கு என்பதை முந்தைய நாளே உறுதி செய்யாமல் இந்த வழியில் இறங்கக்கூடாது.

கயாக்

வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இருவர் அமரும் கடல் கயாக். ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், சுமார் 40 கிலோ எடை. பின்னால் இருப்பவர் கால் மிதியால் சுக்கானைத் திருப்புகிறார், முன்னால் இருப்பவர் தாளத்தை வைக்கிறார். வழிகாட்டியோடு போகலாம், பயிற்சி வகுப்பு முடித்துவிட்டு நீங்களே எடுத்துக்கொண்டும் போகலாம். தனி ஆளுக்கு வாடகைக்குத் தருவது அரிது. வழிகாட்டி இல்லாமல் போகிறவர்களை ஒனெடாஹுட்டிப் பக்கத்துக்கு வடக்கே விடுவதும் அரிது. அது நியாயமான கட்டுப்பாடு. வடக்கே கரை திறந்து கிடக்கிறது. காற்று வலுத்தால் ஒதுங்க இடம் குறைவு. போதாததற்கு, செபரேஷன் முனையைச் சுற்றி நீரோட்டமும் உண்டு.

கோடையில் வானம் தெளிந்த நாட்களில் காலை கடல் கண்ணாடிபோல் இருக்கும். மதியத்துக்குப் பிறகு நிலம் சூடேறி, கடற்காற்று வடக்கு, வடகிழக்கிலிருந்து எழும்பும். வானிலை மோசமாகவில்லை, வழக்கமே அப்படித்தான். ஆகவே வடக்கு நோக்கிப் போகிறவர்கள் விடியலில் கிளம்ப வேண்டும். தெற்கு நோக்கி வருகிறவர்களுக்குப் பிற்பகல் காற்று முதுகில் தள்ளும். புதியவர்கள் இருவர் அமைதியான நீரில் மணிக்கு 4 கி.மீ. போவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்று 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) வேகத்தைத் தொட்டால் அது பாதியாகிவிடும், அலை குறுக்காக அடித்தால் இன்னும் மோசம். நியூசிலாந்தின் வானிலைச் சேவையான மெட்சர்வீஸ் தரும் கடல் முன்னறிவிப்பில் 15 நாட் என்றிருந்தால் புதியவர்கள் அன்று மதியத்தைக் கரையில் கழிப்பது மேல்.

இதனால்தான் வாட்டர் டாக்சியில் கயாக்கோடு வடக்கே போய் இறங்கி, தெற்கே துடுப்புப் போட்டுத் திரும்பும் திட்டம், மராஹாவிலிருந்து கிளம்பிப் போய்த் திரும்பும் திட்டத்தைவிடப் பெரும்பாலோருக்கு நல்லது. செலவு கூடுதல். ஆனால் இரண்டாம் நாள் பிற்பகலில், களைத்த கையோடு எதிர்க்காற்றில் மாட்டிக்கொள்வதைத் தவிர்க்கலாம்.

கயாக்குக்கு மட்டுமே திறக்கும் இடங்கள் உண்டு. மொஸ்கிட்டோ பே கூடாரத் திடலுக்குக் கடல் வழியாக மட்டும்தான் போக முடியும். நடைப் பாதை அங்கே இறங்குவதில்லை. ஏடெல் தீவின் கரையோரமாக அதிகாலையில் துடுப்பை நிறுத்திவிட்டு மிதந்தால் உள்ளேயிருந்து வரும் பறவைக் குரல்கள் பெருநிலத்தைவிட அடர்த்தியாக இருப்பது கேட்கும். எலியும், பறவைகளை வேட்டையாடும் கீரி போன்ற ஸ்டோட்டும் ஒழிக்கப்பட்ட தீவு அது. சாண்ட்ஃபிளை பேயின் கழிக்குள் கடல் ஏறியிருக்கும்போது நுழைந்து ஃபால்ஸ் ஆற்றுப் பக்கம் மேலேறிப் பார்க்கலாம். ஏற்றத்துக்கு முன் உள்ளே போய், வற்றத் தொடங்குமுன் வெளியே வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மணலில் உட்கார்ந்து ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான்.

டோங்கா தீவைச் சுற்றியுள்ள கடல் 1993 முதல் காப்பகம், மீன்பிடிப்புக்கு இடமில்லை. பாறைகளில் நியூசிலாந்து ஃபர் சீல் என்னும் கடல்நாய்கள் கிடக்கும். 20 மீட்டர் தள்ளியே இருங்கள். அவை தாமாக நீந்தி அருகே வந்தால் வரட்டும், நீங்கள் நெருங்க வேண்டாம்.

கயாக்கில் பெரும்பாலும் எது கெடுகிறது? கவிழ்வது அல்ல. இரவில் கயாக் காணாமல் போவதுதான். சரிவே இல்லாத கடற்கரையில், வற்றிய நேரத்தில் கரைசேர்ந்து, தண்ணீரிலிருந்து ஐம்பது மீட்டர் மேலே வைத்தாயிற்றே என்று நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். நள்ளிரவில் ஏறும் கடல் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. மணலில் முந்தைய ஏற்றம் விட்டுச்சென்ற கடற்பாசிக் கோட்டைப் பாருங்கள். அதற்கும் மேலே, புல் தொடங்கும் இடம் வரை தூக்கி, முன்முனைக் கயிற்றை மரத்தில் கட்டுங்கள். சாமான் நிறைந்த கயாக்கை இரண்டு பேரால் தூக்க முடியாது. முதலில் காலி செய்யுங்கள். இழுத்தால் அடிப்பகுதி தேயும். வாடகைக்கு விட்டவருக்கு அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

சாமான் அடுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. கனமானவை, தண்ணீரும் உணவும், நடுப்பகுதியை ஒட்டி அடியில். ஸ்லீப்பிங் பேக், துணி போன்ற இலேசானவை முனைகளில். முனையில் பாரம் ஏறினால் கயாக் அலையில் மூக்கைப் புதைக்கும், சுக்கானும் கேட்காது. அறைகளின் வாய் சிறியது. 80 லிட்டர் முதுகுப்பை நுழையவே நுழையாது. தண்ணீர் புகாத 10 லிட்டர், 15 லிட்டர் ட்ரை பேக்குகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தாலும் அறைக்குள் கொஞ்சம் தண்ணீர் வரும் என்றே நினைத்துக் கட்டுங்கள்.

முதல் நாள் முடிவில் மணிக்கட்டு வலித்தால், துடுப்பைக் கையால் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். பிடியைத் தளர்த்தி, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பித் தள்ளுங்கள். கோடையிலும் கடல் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு போவது எந்த நாளிலும் சரியில்லை.

ஒரே கடற்கரையில் தங்குவது

குழந்தைகளோ முதியவர்களோ உடன் வந்தால் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். வாட்டர் டாக்சி மராஹாவிலிருந்தும் கைடெரிடெரியிலிருந்தும் கிளம்பி, ஆங்கரேஜ், பார்க் பே, ஒனெடாஹுட்டி, அவரோவா, டோட்டரானுயி என்று இறக்கிவிட்டுப் போகும். மராஹாவில் படகு டிராக்டர் இழுக்கும் வண்டியில் நிற்கும். ஊரிலேயே அதில் ஏறி உட்கார்ந்தால், வற்றிக் கிடக்கும் மணல்வெளி முழுக்க டிராக்டர் இழுத்துப்போய் நீரில் விடும். குழந்தைகளுக்கு அதுவே ஒரு கொண்டாட்டம். இறங்குமிடங்களில் படகுத்துறை இல்லை. முழங்கால் அளவு தண்ணீரில் கால் வைத்து இறங்க வேண்டியிருக்கும். நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எந்தக் கடற்கரை? ஆங்கரேஜ் அழகானது, கூட்டமும் அங்கேதான். ஆனால் குன்றைத் தாண்டி டெ புகாடெயா என்னும் சிறு வளைகுடாவுக்கு நடந்துவிடலாம் என்பது அதன் பலம். குழந்தைகளுக்குப் பார்க் பே நல்லது. கழி பாதுகாப்பான ஆழமில்லாத குளமாக நிற்கும், மறுபக்கம் கடலும் உண்டு. நீளமான மணலில் தனியாக நடக்க ஆசைப்படுகிறவர்கள் ஒனெடாஹுட்டியில் இறங்கட்டும். அவரோவாவில் ஒரு பகுதி தனியார் நிலமாக இருந்து, விற்பனைக்கு வந்தபோது 2016-இல் பொதுமக்கள் பணம் திரட்டி வாங்கிப் பூங்காவோடு சேர்த்தார்கள். அந்த மணலில் நிற்பதற்கு அதுவே ஒரு தனி மகிழ்ச்சி.

உயிர்காப்பாளர்கள் எங்கும் இல்லை. சாண்ட்ஃபிளை என்னும் கடிக்கும் சிற்றீ விடியலிலும் அந்தியிலும் மொய்க்கும். முழுக்கைச் சட்டைதான் மருந்தைவிடப் பலன் தரும். வேகா என்னும் பறக்காத பறவை, கூடாரத்து ஜிப் திறந்திருந்தால் உள்ளே புகுந்து கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடும். செருப்பைக்கூட விடாது. நியூசிலாந்து வெயிலில் புற ஊதாக் கதிர் கடுமை. தோல் கருத்திருந்தால் ஒன்றுமாகாது என்று நினைத்துச் சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள்.

கையிலிருக்கும் நாட்களைப் பொறுத்து

ஒரே நாள்தான் என்றால் கயாக்கை விட்டுவிடலாம். பயிற்சி, பாரம் ஏற்றல், இறக்கல் என்று நாளில் பெரும்பகுதி அதிலேயே போகும். காலைப் படகில் பார்க் பேயில் இறங்கி, ஆங்கரேஜ் வரை நடந்து, மாலைப் படகில் திரும்புங்கள். ஃபால்ஸ் ஆற்றின் மேல் 47 மீட்டர் தொங்குபாலமும் கிளியோபாட்ரா குளமும் இந்தத் துண்டிலேயே வந்துவிடுகின்றன. கடைசிப் படகு காத்திருக்காது. ஒரு மணி நேரம் முன்னதாகவே மணலில் இருப்பதுபோல் நடையைக் கணக்கிடுங்கள்.

இரண்டு, மூன்று நாள் இருந்தால் கலவைதான் சிறந்தது: முதல் நாள் படகில் கயாக்கோடு ஒனெடாஹுட்டிப் பக்கம் போய், டோங்கா தீவு பார்த்துவிட்டுத் தெற்கே வந்து மொஸ்கிட்டோ பேயிலோ பார்க் பேயிலோ கூடாரம், மறுநாள் ஆங்கரேஜ் வரை துடுப்பு. அங்கே கயாக்கை நிறுவனத்திடம் ஒப்படைக்க ஏற்பாடு இருந்தால் மராஹாவுக்கு 12.4 கிலோமீட்டர் நடை. எங்கே எடுப்பது, எங்கே விடுவது என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஐந்து நாள் இருக்கிறவர்கள் முழுப் பாதையும் நடக்கட்டும். மூன்றே நாளில் 60 கிலோமீட்டரையும் முடிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. முடியும்தான். ஆனால் ஒவ்வொரு கடற்கரையையும் கடந்து போவதாக ஆகிவிடும், எதிலும் குளிக்க நேரம் இருக்காது. பை கனம் பயமுறுத்துகிறதென்றால் டோட்டரானுயி வரை வாட்டர் டாக்சிகள் பைகளை முன்னால் கொண்டுபோய் வைக்கும் சேவை உண்டு. ஃபாரிஃபரங்கிக்கு மட்டும் கிடையாது. அந்த ஒரு இரவுக்கானதை நீங்களே சுமக்க வேண்டும்.

பருவத்தில் பிப்ரவரி, மார்ச் எங்கள் தேர்வு. கடல் சூடேறியிருக்கும், கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி இறுதி வரை நிரம்பி வழியும் உள்ளூர் விடுமுறைக் கூட்டம் கலைந்திருக்கும். குளவிகள் மட்டும் அப்போது அதிகம். ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்தில்லாமல் பாதையில் இறங்கக்கூடாது.

பதிவு செய்யும் வரிசை முக்கியம். முதலில் கடல் ஏறி வற்றும் நேரங்களைத் தரும் ஓத அட்டவணையை எடுத்து அவரோவாவைக் கடக்கும் நாளைக் குறியுங்கள். பிறகு டாக் என்று அங்கே அழைக்கப்படும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் குடிலோ கூடாரத் திடலோ பதிவு செய்யுங்கள். இது ஆண்டு முழுக்கக் கட்டாயம், வெளிநாட்டவருக்குக் கட்டணமும் கூடுதல். படகும் கயாக்கும் அதற்குப் பிறகு. விமானத்தில் ஏறுவதற்கு முன் காலணியின் அடிப்பள்ளங்களையும் கூடாரத்தின் முளைகளையும் மண் இல்லாமல் தேய்த்துக் கழுவி, நுழைவுப் படிவத்தில் இரண்டையும் அறிவித்துவிடுங்கள். பையில் எடுத்துவரும் பொடி, பருப்பு, ஊறுகாய் எல்லாமும் அந்தப் படிவத்தில் இடம்பெற வேண்டும். அறிவித்தால் பார்த்துவிட்டு விடுவார்கள் அல்லது பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அங்கேயே அபராதம்.